ஃபால்அவுட் வட்டில் படத்தின் உயரம் மாறுவது ஏன்?

கேள்வி: ‘மிஷன் இம்பாசிபிள்: ஃபால்அவுட்’ 4கே வட்டில், விமானத்திலிருந்து குதிக்கும் காட்சியில் கறுப்புப் பட்டைகள் திடீரென மெலிந்துவிடுகின்றன. தொலைக்காட்சியில் கோளாறா?

பதில் 1: கோளாறு அன்று. 2018இல் வெளியான இப்படத்தின் பெரும்பகுதி 2.39:1 (அகலம்:உயரம்) விகிதத்தில் இருக்க, ஐமேக்ஸ் எனும் பெருந்திரைக்காக உயரம் கூட்டப்பட்ட காட்சிகள் வட்டிலும் 1.90:1 விகிதத்திலேயே வருகின்றன. நம் தொலைக்காட்சித் திரை 1.78:1 என்பதால், அப்போதும் மேலும் கீழும் மெல்லிய கோடு எஞ்சும். இறுதி ஹெலிகாப்டர் துரத்தலிலும் இதைக் காணலாம்.

பதில் 2: பட்டைகள் உறுத்துகின்றன என்று ‘ஜூம்’ வைத்துவிடாதீர்கள், பக்கவாட்டுக் காட்சி வெட்டுப்படும். அசைவை மென்மையாக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 சட்டகங்களில் ஓடும் சண்டைக்காட்சியை அது தொலைக்காட்சித் தொடர்போல் ஆக்கிவிடும் (என் வீட்டில் அது தெரியாமலே ஓராண்டு ஓடியது).

கேட்டவர்: நன்றி. ஜூம்தான் வைத்திருந்தேன், எடுத்ததும் ஹெலிகாப்டர் துரத்தலில் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறது.