என்க்ளேவ்: ஊடுநிலமும் புறத்துண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

சுற்றிலும் வேறொரு ஆட்சியின் நிலத்தால் சூழப்பட்ட பகுதியை ஆங்கிலத்தில் 'என்க்ளேவ்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'சூழ்நிலம்' என்று வைக்கலாம் என்ற யோசனையைப் பார்த்தேன். ஓசை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வினைத்தொகை காலை வாரிவிடுகிறது. சூழ்ந்து கிடக்கும் நிலம் என்றுதான் சட்டென்று தோன்றும். நமக்கு வேண்டியது சூழப்பட்ட நிலம். இன்னொருவர் சொன்ன 'திட்டு' ஆற்றுக்கும் கடலுக்கும் சரி. 'இந்தியாவின் திட்டுகள்' என்று பாடப்புத்தகத்தில் போட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், என்க்ளேவுக்கும் எக்ஸ்க்ளேவுக்கும் (தாய்நிலத்திலிருந்து துண்டாகி, வேறொருவர் நிலத்துக்கு அப்பால் கிடக்கும் பகுதி) ஒரே சொல் போதும் என்பது. எங்கள் பக்கத்தையே பாருங்கள். செட்டிநாடு என்று ஒன்றாகப் பேசுகிறோமே தவிர, 1948 வரை அது இரண்டு ஆட்சியில் கிடந்தது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் எல்லாம் சென்னை மாகாணத்தின் ராமநாதபுரம் மாவட்டம். கானாடுகாத்தானுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கடியாபட்டியும், ராயவரம், குழிபிறை, பொன்னமராவதியும் தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டைச் சமஸ்தானம். செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களும் இன்றைய சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஆக, அன்று கடியாபட்டிக்காரர் தம் நகரக் கோயிலுக்குப் போவதென்றால் சமஸ்தானத்தைவிட்டு வெளியே வந்தாக வேண்டும்.

அந்தப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடற்கரை கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் சென்னை மாகாணத்து மாவட்டம்தான். பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசு வரைக்கும் சொந்தமாக வைத்திருந்தார்கள். 3 மார்ச் 1948 அன்று மாகாணத்தோடு சேர்ந்து, திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. அதுவரை அது என்க்ளேவ். ஆனால் எக்ஸ்க்ளேவ் அல்ல, ஏனென்றால் வேறெந்தத் தாய்நிலத்திலிருந்தும் துண்டானதல்ல. மாகே அப்படியில்லை. கேரளத்தின் நடுவே கிடந்தாலும் அதன் ஆட்சி புதுச்சேரியில், அதனால் அது எக்ஸ்க்ளேவ். ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாமும் அதே கதை.

அதனால் இரண்டு சொல் வேண்டும். சூழ்ந்திருப்பவர் கண்ணில் அது 'ஊடுநிலம்'. ஊடுபயிர் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உடையவர் கண்ணில் அது 'புறத்துண்டு'. துண்டு என்றால் தோளில் போடுவது நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்வீர்கள். துண்டு நிலம் என்று பத்திரத்திலேயே எழுதுகிறோமே!

சொல் தாங்குமா என்று சோதிக்க இந்திய-வங்கதேச எல்லையைவிடக் கடினமான இடம் இல்லை. 2015-இல் கைமாறியவை இந்தியாவின் 111 நிலங்களும் வங்கதேசத்தின் 51 நிலங்களும். அவற்றில் தகாலா காக்ராபாரி வங்கதேச நிலத்துக்குள் கிடந்த இந்தியத் துண்டு. அந்த வங்கதேச நிலமோ ஓர் இந்திய நிலத்துக்குள், அந்த இந்திய நிலம் வங்கதேசத்துக்குள்! இதை 'மூன்றாம் அடுக்கு ஊடுநிலம்' என்று சொல்லிவிடலாம். 'மூன்றாம் அடுக்குச் சூழ்நிலம்' என்றால் யார் யாரைச் சூழ்ந்தார் என்று வரைபடம் போட்டுத்தான் காட்ட வேண்டும்.

காரைக்காலுக்கும் மாகேவுக்கும் ஒரு பக்கம் கடல் இருப்பதால் கறாராகப் பார்த்தால் அவை முழு ஊடுநிலம் ஆகா. அவற்றுக்கு 'கரை ஊடுநிலம்' என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், சுருக்கமாக வேறு தோன்றினால் எழுதுங்கள். புதுச்சேரி நகரைச் சுற்றித் தமிழ்நாட்டு நிலத்தின் இடையிடையே சிதறிக் கிடக்கும் துண்டுகளுக்கு 'ஊடுநிலம்', 'புறத்துண்டு' இரண்டும் அப்படியே பொருந்துகின்றன.