வெளிநாட்டு ஐடி ஆட்கள் வந்தால் நம்ம பிள்ளைகளுக்கு வேலை?

சுங்கை சிப்புட் அக்கா:
விடியலில் நெற்றி விளக்கு கட்டி ரப்பர் பால் மரம் வெட்டித்தான் மகனைக் கணினி டிப்ளோமா படிக்க வைத்தேன். பினாங்கில் நேர்காணலுக்குப் போனான். அங்கே வேலை செய்யும் குழுவில் பாதிப் பேர் விசாவில் வந்தவர்களாம். வேலை கிடைக்கவில்லை. வயிறு எரிகிறது. நம்ம பிள்ளைகள் எங்கே போவார்கள்?

கூலிம் தம்பி:
நியாயமான கோபம் அக்கா. ஆனால் நம்ம மலேசியாவில் வெளிநாட்டு ஆளுக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி கேட்கும் முன், பெரும்பாலும் முதலாளி சொக்சோவின் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைத் தளத்தில் அந்த வேலையை விளம்பரம் செய்தாக வேண்டும். மகனை அங்கே பதியச் சொல்லுங்கள்.

பகாவ் அண்ணன்:
அமெரிக்காவிலும் இதே சண்டைதான். வெளிநாட்டு நிபுணர்களுக்கான எச்-1பி வேலை விசா ஆண்டுக்கு 65,000. அங்கேயே முதுகலை முடித்தவர்களுக்கு இன்னொரு 20,000. கேட்பவர்கள் அதிகம், அதனால் குலுக்கல். 2025 செப்டம்பரில் புது விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று டிரம்ப் அறிவித்தார். எனக்கு உறுத்துவது வேறு. அந்த விசாவில் வந்தவன் கம்பெனி மாற வேண்டுமென்றால் புது முதலாளி மறுபடி மனுப் போட வேண்டும். அப்புறம் அவன் எப்படித் துணிந்து சம்பளம் பேசுவான்? அவன் வாயை அடைத்தால் உள்ளூர்க்காரன் சம்பளமும் ஏறாது. கோபத்தை அவன்மேல் காட்டாதீர்கள் அக்கா.

சுங்கை சிப்புட் அக்கா:
சரி அண்ணே, அவனும் யாரோ பெற்ற பிள்ளைதான். தம்பி, ராத்திரியே பதியச் சொல்கிறேன். அந்த விளம்பரத்தில் சம்பளமும் போடுவார்களா?