சீனக் கூரை, கான்கிரீட் தூண்

குடும்பக் குழு, ஞாயிற்றுக்கிழமை

அக்கா (நான்ஜிங்) 12:05
[படம்] [படம்] [படம்]
இன்று ஆய்வகம் விடுமுறை. பழைய ஜின்லிங் பெண்கள் கல்லூரிக்கு வந்திருக்கிறேன். இப்போது இது நான்ஜிங் நார்மல் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம். கிங்கோ மரங்கள் முழுக்க மஞ்சள். கண்ணுக்குத்தான் அழகு, உதிர்ந்த பழத்தை மிதித்துவிட்டேன், காலணி நாறுகிறது.

அம்மா 12:09
சிவப்புத் தூண், வளைந்த கூரை. புத்தர் கோயில் என்றல்லவா நினைத்தேன்? சாப்பிட்டாயா?

அக்கா (நான்ஜிங்) 12:11
சாப்பிட்டேன் அம்மா. கோயில் இல்லை, மிஷனரிகள் கட்டியது. அமெரிக்க மிஷன் சங்கங்கள் ஐந்து சேர்ந்து தொடங்கிய கல்லூரி. 1915இல் வாடகை வீட்டில் வகுப்பு ஆரம்பித்தது. 1923இல் இங்கே குடிவந்தார்கள். கட்டட வரைபடம் ஹென்றி மர்ஃபி என்ற அமெரிக்கருடையது.

பெரியப்பா 12:20
மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூரை விளிம்புக்குக் கீழே அடுக்கடுக்காக நிற்பது மரமா, கான்கிரீட்டா?

அக்கா (நான்ஜிங்) 12:22
கான்கிரீட்தான் பெரியப்பா. தூண்களும் அப்படியே. மேலே வண்ணம் தீட்டியிருக்கிறார்கள்.

பெரியப்பா 12:29
அப்படியென்றால் வேஷம். சீனத் தச்சன் அந்த மர அடுக்கை அலங்காரத்துக்காக வைக்கவில்லை. நம் கோயில் தூணின் தலையில் போதிகை இருக்கிறதே, அதைப் போல அது சுமையைத் தூணுக்கு இறக்கும். நீண்ட கூரை விளிம்பை ஏந்தும். கான்கிரீட் சட்டகம் வந்த பிறகு அதற்கு அங்கே வேலையே இல்லை. வேலை இல்லாத உறுப்பை வார்த்து ஒட்டியிருக்கிறார். பார்க்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தம்பி 12:31
பெரியப்பா ஓய்வு பெற்றாலும் ஆய்வு அறிக்கை எழுதுவதை நிறுத்தவில்லை.

அக்கா (நான்ஜிங்) 12:38
பெரியப்பா, மர்ஃபி இதை ஒளிக்கவில்லை. சீனக் கட்டடக் கலையை இன்றைய தேவைக்கு ஏற்பத் தழுவிக்கொள்வது என்றே அவர் தன் வேலையை விளக்கினார். உள்ளே ஆய்வுக்கூடமும் வகுப்பறையும் வேண்டும், வெளியே ஊரோடு பொருந்த வேண்டும். மேற்கத்திய தேவாலயம் போலக் கோபுர மணியும் கூர்வளைவு ஜன்னலும் வைத்துக் கட்டியிருந்தால் அது மட்டும் வேஷம் இல்லையா?

பெரியப்பா 12:40
அது அவர்களுடைய சொந்த உடை. பிடிக்காவிட்டாலும் பொய் இல்லை.

அக்கா (நான்ஜிங்) 12:46
மர்ஃபியிடம் வேலை பார்த்த லூ யான்ஜி என்ற சீன இளைஞருக்கும் இந்த வளாகத்தில் பங்கு உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பிறகு இதே நான்ஜிங்கில், சீனக் குடியரசை நிறுவிய சன் யாட்சென் நினைவிடத்தை வடிவமைத்தவர் அவர்தான். நீங்கள் வேஷம் என்கிற பாணியை அவர் வேண்டாம் என்று ஒதுக்கவில்லை, தன் நாட்டுத் தலைவருக்கே எடுத்துக்கொண்டார்.

பெரியப்பா 12:47
ம்.

தம்பி 12:47
இந்த ஒற்றை எழுத்தைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்.

அத்தை (சென்னை) 12:55
இப்போதுதான் ஆராதனை முடிந்து வந்தேன். ஜின்லிங்கா? எங்கள் மகளிர் கிறித்துவக் கல்லூரிக்கு அது உடன்பிறப்பு மாதிரி! நாங்களும் 1915தான். 1920களின் தொடக்கத்தில் லூசி பீபாடி என்ற அம்மையார் தலைமையில் அமெரிக்கப் பெண்கள் ஆசியாவின் ஏழு கல்லூரிகளுக்காகப் பணம் திரட்டினார்கள். அதில் ஜின்லிங் ஒன்று, சென்னையில் எங்களுடையது ஒன்று, வேலூர் மருத்துவப் பள்ளி ஒன்று, லக்னோவில் ஒன்று. 20 லட்சம் டாலர் திரட்டினால் மீதி 10 லட்சம் தருவதாக ராக்ஃபெல்லர் குடும்ப அறக்கட்டளை நிபந்தனை போட்டது. திரட்டிக் காட்டினார்கள்.

அம்மா 12:58
மதினி, இதை இத்தனை வருடம் சொல்லவே இல்லையே!

அத்தை (சென்னை) 12:59
யாரும் கேட்கவில்லையே! அண்ணா, எங்கள் கல்லூரியின் டவ்டன் ஹவுஸ் வெள்ளைத் தூண்களோடு நிற்கிறது. நுங்கம்பாக்கத்தில் அதை யாராவது வேஷம் என்றார்களா?

பெரியப்பா 13:02
அது மிஷனுக்கு முன்பே இருந்த வீடு. வாங்கினார்கள். வேறு வழக்கு.

அக்கா (நான்ஜிங்) 13:14
[படம்]
இது மின்னி வாட்ரின் சிலை. இந்தக் கல்லூரியில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி. 1937 டிசம்பரில் ஜப்பானியப் படை நகரத்துக்குள் வந்தபோது கல்லூரியின் பெரும்பகுதி மேற்கே போய்விட்டது. இவர் போகவில்லை. பெண்களையும் குழந்தைகளையும் உள்ளே சேர்த்துக்கொண்டார். உச்சத்தில் 10,000 பேர் வரை. அறைகள் நிரம்பி, தாழ்வாரங்களிலும் படிக்கட்டுகளிலும் படுத்திருக்கிறார்கள். கட்டடங்களை இணைக்கிற இந்தக் கூரையிட்ட நடைபாதையில்தான் இப்போது நிற்கிறேன்.

அம்மா 13:17
அந்த அம்மா பிறகு என்ன ஆனார்?

அக்கா (நான்ஜிங்) 13:21
1940இல் மனம் உடைந்து அமெரிக்கா திரும்பினார். அடுத்த ஆண்டே தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை என்ற பாரம். மிச்சிகனில் உள்ள அவர் கல்லறையில் ஜின்லிங் என்றும் வாழும் என்று சீன எழுத்தில் பொறித்திருக்கிறார்கள்.

அம்மா 13:23
கர்த்தாவே.

அத்தை (சென்னை) 13:30
அங்கே படித்த வூ யீஃபாங் பற்றியும் சொல். 1919இல் பட்டம் பெற்ற முதல் ஐந்து பெண்களில் ஒருவர். பிறகு 1928இல் அதே கல்லூரிக்குத் தலைவரானார். 1945இல் ஐ.நா. சாசனத்தில் சீனாவுக்காகக் கையெழுத்திட்டவர்களில் ஒரே பெண்.

அக்கா (நான்ஜிங்) 13:33
நீங்களே சொல்லிவிட்டீர்கள் அத்தை. கல்லூரியின் குறிக்கோள் வாசகம் பரிபூரண ஜீவன். யோவான் 10:10.

பெரியப்பா 13:41
அந்த அம்மாள் பற்றியெல்லாம் எனக்கு மறுப்பு இல்லை. நான் சொன்னது கூரை அடுக்கை மட்டும். விளிம்புக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து ஒரு படம் எடு. கான்கிரீட் வார்த்த சென்ட்ரிங் பலகையின் தடம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

அக்கா (நான்ஜிங்) 13:52
[படம்] [படம்]
நூறு ஆண்டுப் பெயின்ட் பெரியப்பா. ஒரு தடமும் தெரியவில்லை.

பெரியப்பா 13:58
பூச்சு வேலை பிரமாதம். முனையில் ஒரு விரிசல்கூட இல்லை. மேஸ்திரி யார் என்று எங்காவது எழுதியிருக்கிறார்களா?

அத்தை (சென்னை) 13:59
அண்ணா, அதை முதலில் டவ்டன் ஹவுஸில் தேடுங்கள். ஜின்லிங் படங்களை எங்கள் கல்லூரித் தோழிகள் குழுவுக்கு அனுப்பப் போகிறேன். காலணி நாற்றம் இல்லாத படமாக இரண்டு தா மகளே.