புளியரையில் லாரிப் புகை பட்டால் முகம் எரிவது ஏன்?

புளியரைக்காரன்:
செக்போஸ்ட் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறேன். கேரளாவுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப் போகிற லாரிகள் கடை வாசலில்தான் வரிசை கட்டி நிற்கும், கிளம்பும்போது கரும்புகை நேராக முகத்தில் அடிக்கும். சாயங்காலமானால் கன்னமும் கழுத்தும் சிவந்து எரிகிறது, சொறிந்தால் திட்டுத் திட்டாகத் தடிக்கிறது. சாரல் சமயத்தில் அவ்வளவாக இல்லை. வீட்டில் சூட்டு உடம்பு, மோர் குடி என்கிறார்கள். புகை நுரையீரலைத்தானே கெடுக்கும்? ராத்திரி சோப்புப் போட்டு நார் வைத்து நன்றாகத் தேய்த்துத்தான் குளிக்கிறேன்.

செங்கோட்டை அக்கா:
தம்பி, முதலில் அந்த நாரைத் தூக்கிப் போடு. நான் திருவனந்தபுரத்தில் தோல் செல் வளர்க்கிற லேபில் இருக்கிறேன். டீசல் கரித்துகளில் பி.ஏ.எச். என்ற எண்ணெய்ப் பசையுள்ள ரசாயனங்கள் ஒட்டியிருக்கும். துகள் வெளியிலேயே நின்றாலும் இவை தோலின் கொழுப்பில் கரைந்து உள்ளே போய்விடும். மேல்தோல் செல்லான கெரட்டினோசைட்டுக்குள் ஏ.எச்.ஆர். என்று ஒரு ஏற்பி (ரசாயனம் வந்து ஒட்டினால் செல்லுக்குச் செய்தி சொல்லும் புரதம்) உண்டு, அதில் இவை போய் ஒட்டியதும் செல்லுக்குள் செல்லைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் ரேடிக்கல்கள் பெருகும், அழற்சியைத் தூண்டும் என்.எஃப்-கப்பா-பி என்ற புரதம் முடுக்கிவிடப்படும், செல் இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 போன்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதங்களை வெளியே விடும். அதைக் கண்டு வெள்ளணுக்கள் வந்து கூடும், ரத்தக்குழாய் விரியும். சிவப்பும் எரிச்சலும் இப்படித்தான் வருகின்றன. போதாததற்கு, தோலை இறுக்கிப் பிடிக்கிற ஃபிலாக்ரின் புரதமும் குறைந்துபோகும். ஏற்கெனவே ஓட்டை விழுந்த வேலியை நீயும் நார் போட்டுப் பிய்க்கிறாய்.

வாளையார் டிரைவர்:
ஜல்லித் தூசியும் இருக்குமே அக்கா, அதுவும் இதே வேலையைத்தான் செய்யுமா?

செங்கோட்டை அக்கா:
அது பெரும்பாலும் பெரிய துகள் அண்ணே, உரசி அரிக்கும், கழுவினால் போய்விடும். கரிப்புகையில் இருப்பது கிட்டத்தட்ட எல்லாமே 2.5 மைக்ரானுக்கும் கீழே, தலைமுடி தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. வெயிலும் சேர்ந்தால் இன்னும் மோசம், புற ஊதாக்கதிர் பட்டால் பி.ஏ.எச். கூடுதலாகக் கெடுக்கும். தம்பி, முகத்தில் எண்ணெய் தடவிக்கொண்டு கடையில் நிற்காதே, கரி அதிலேயே அப்பிக்கொள்ளும். மென்மையான சோப்பால் கழுவி, ஈரம் காயுமுன் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் போடு. காலையில் சன்ஸ்கிரீன்.

புளியரைக்காரன்:
சரி அக்கா. மெடிக்கலில் ஒரு டியூப் கொடுத்தார்கள், போட்டால் உடனே அடங்குகிறது.

செங்கோட்டை அக்கா:
உடனே அடங்குகிறது என்றால் ஸ்டீராய்டாக இருக்கலாம். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படி, தோல் டாக்டர் சொல்லாமல் முகத்தில் அதைத் தொடர்ந்து போடாதே.