லிப்விர்ட் நிரலில் பிழைத் திருத்தமும் சீரமைப்பும்: ஒரே பேட்சில் அனுப்பலாமா?

கோட்டையூர்_தம்பி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பழைய சர்வர் ஒன்றில் கேவிஎம் (லினக்ஸிலேயே மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் வசதி) போட்டு, அவற்றை நிர்வகிக்கும் லிப்விர்ட் மென்பொருள் வழியாக மாணவர்களுக்கு மெய்நிகர் இயந்திரங்கள் கொடுக்கிறோம். வகுப்பு தொடங்கும்போது ஒரு ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் உருவாக்கும், சாயங்காலம் அழித்துவிடும். லிப்விர்ட்டின் டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) நாள் போகப் போக மெமரியைத் தின்றுகொண்டே இருந்தது. மெமரிப் பிழை தேடும் வால்கிரிண்டில் ஓட்டியபோது இடம் தெரிந்தது. மாணவர்கள் இயந்திரத்தை விவரித்து எழுதும் எக்ஸ்எம்எல்லில் ஒரு மதிப்பு தவறாக இருந்தால், ஃபங்ஷன் பாதியிலேயே திரும்பிவிடுகிறது. அந்த வழியில் ஒரு ஸ்ட்ரிங்கின் மெமரி விடுவிக்கப்படாமலே தங்குகிறது, அதுதான் லீக்.

திருத்தம் ஒரே வரிதான். ஆனால் அந்த ஃபங்ஷனைப் பார்த்தால் கை சும்மா இருக்கவில்லை. மேலிருந்து கீழ்வரை, கடைசியில் உள்ள துடைக்கும் பகுதிக்குத் தாவும் 'கோட்டூ கிளீனப்', அங்கே வரிசையாக மெமரியை விடுவிக்கும் 'விர்_ஃப்ரீ'. பக்கத்து ஃபங்ஷன்கள் எல்லாம், தானாகவே விடுவிக்கும் 'ஜி_ஆட்டோஃப்ரீ'க்கு மாறியிருக்கின்றன, இது மட்டும் பழைய கோலத்திலேயே நிற்கிறது. திருத்தும்போதே இதையும் மாற்றிவிட்டால் லீக் தானாகவே போய்விடும். ஒரே பேட்சாக (மாற்றத் தொகுப்பாக) அனுப்பினால் தப்பா? இன்னொன்று, வீட்டில் இருப்பது 4 ஜிபி லேப்டாப். அதில் இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது?

செக்காலை_ரோடு:

ஒரே பேட்ச் போதும் தம்பி. எங்கள் ஆபீசில் எல்லாம் ஒரே புல் ரிக்வெஸ்ட்தான். பிழையும் போச்சு, நிரலும் சுத்தமாச்சு. இரண்டாகப் பிரித்தால் பார்க்கிறவருக்கும் இரண்டு வேலை.

வளவு_ஆச்சி:

தம்பி, இரண்டையும் செய்யுங்கள். ஒரே பேட்சில் மட்டும் வேண்டாம். திருத்தம் முதலில் போகட்டும், எவ்வளவு சின்னதாக முடியுமோ அவ்வளவு சின்னதாக. சீரமைப்பு அதற்குப் பின்னால் தனித் தொடராக வரட்டும்.

செக்காலை ரோடு சொல்வது ஆபீசுக்குள் மட்டும் ஓடும் நிரலுக்குச் சரி. லிப்விர்ட் 2005இல் தொடங்கியது. டெபியன், உபுண்டு, சூசே, ரெட் ஹேட் என்று ஒவ்வொரு வழங்கலும் ஒவ்வொரு பழைய பதிப்பை வைத்துக்கொண்டு, புதுத் திருத்தங்களில் தேவையானதை மட்டும் பொறுக்கிப் பழைய கிளையில் ஏற்றிக்கொள்கிறது. உங்கள் ஆய்வக சர்வரில் இருப்பதும் அப்படி ஒரு பழைய பதிப்பாகத்தான் இருக்கும். ஒற்றை வரித் திருத்தம் என்றால் அவர்கள் அப்படியே எடுத்துப் போட்டுவிடலாம். அதே வரி ஒரு பெரிய சீரமைப்புக்குள் கலந்து கிடந்தால், எது திருத்தம் எது அலங்காரம் என்று அவர்கள்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பார்க்க மாட்டார்கள், விட்டுவிடுவார்கள். உங்கள் சர்வருக்குத் திருத்தம் வந்து சேராது.

வெளியீட்டுக் கணக்கும் இருக்கிறது. லிப்விர்ட்டுக்கு ஏறத்தாழ மாதம் ஒரு வெளியீடு. ஜனவரியில் முதல் எண் கூடும்: 2024இல் 10.0.0, 2025இல் 11.0.0. வெளியீட்டுக்கு முந்தைய சில நாள்கள் உறைநிலை. அப்போது பிழைத் திருத்தம் மட்டும்தான் உள்ளே போகும், சீரமைப்பு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் திருத்தமும் சேர்ந்தே காத்திருக்கும்.

சரி, திருத்தத்துக்கு வருவோம். அந்த லீக் எந்த கமிட்டில் (கிட்டில் பதிவான மாற்றத்தில்) நுழைந்தது என்று 'கிட் பிளேம்' வைத்தும் 'கிட் லாக் -எஸ்' வைத்தும் தேடுங்கள். கிடைத்தால் கமிட் செய்தியின் அடியில் 'ஃபிக்சஸ்' என்று எழுதி அந்த கமிட்டின் அடையாளமான ஹாஷைப் போடுங்கள். பழைய கிளைகளைப் பராமரிப்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று பெயரோடு உறுதி சொல்லும் 'சைன்ட்-ஆஃப்-பை' வரி கட்டாயம். அது இல்லாவிட்டால் பேட்ச் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஏற்க மாட்டார்கள். செய்தியில் 'லீக்கைச் சரிசெய்தேன்' என்று மட்டும் எழுதாமல், எந்த எக்ஸ்எம்எல் கொடுத்தால் எந்த வழியாக வெளியேறுகிறது என்றும் எழுதுங்கள். வால்கிரிண்ட் காட்டிய ஸ்டாக்கில் தேவையான நான்கைந்து வரிகளை ஒட்டினால் போதும், முழுசும் வேண்டாம்.

துடைக்கும் ('கிளீனப்') பகுதியில் வரி சேர்க்கும்போது ஒரு கவனம் வேண்டும். லிப்விர்ட்டில் கடைசிப் பிழை ஒரு த்ரெட்டுக்கு (நிரலுக்குள் தனியே ஓடும் ஓர் இழைக்கு) ஒன்றுதான். வெறுமனே மெமரியை விடுவித்தால் அது கலையாது. ஆனால் அங்கே வேறொரு ஃபங்ஷனை அழைத்து, அதுவும் தோற்றுப்போனால், அதன் செய்தி உண்மையான காரணத்தின் மேல் எழுதிவிடும். மாணவர் எக்ஸ்எம்எல்லில் தப்பு செய்திருப்பார், திரையில் வருவதோ சம்பந்தமே இல்லாத ஏதோ கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற புகார். அதற்குத்தான் 'விர்எரர்பிரிசர்வ்லாஸ்ட்', 'விர்எரர்ரெஸ்டோர்' என்ற இணை இருக்கிறது. முன்னதில் பிழையை எடுத்து வைத்து, பின்னதில் திரும்ப வைக்க வேண்டும்.

இனி சீரமைப்பு. எனக்குப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளும்.

லிப்விர்ட் 2019இல் ஜிலிப் நூலகத்தைச் சேர்த்துக்கொண்டது. அதிலிருந்துதான் 'ஜி_ஆட்டோஃப்ரீ' இங்கே பரவியது. மாறி தன் எல்லையைத் தாண்டும்போது கம்பைலரே விடுவித்துவிடும். ஜிசிசி, கிளாங் இரண்டிலும் இருக்கும் ஒரு வசதியை வைத்துச் செய்தது. விதி எளிது: அறிவிக்கும்போதே 'நல்' கொடுத்துவிட வேண்டும், ஒரு வரிக்கு ஒரு மாறி. மதிப்பை வெளியே அனுப்பினால் 'ஜி_ஸ்டீல்_பாயின்டர்' போட வேண்டும். அதை மறந்தால், விடுவித்த முகவரியை அழைத்தவர் கையில் கொடுத்தனுப்புவீர்கள்.

பாதி மாற்றி நிறுத்திய ஃபங்ஷன்தான் பெரிய ஆபத்து. 'விர்_ஃப்ரீ' விடுவித்த கையோடு மாறியை 'நல்' ஆக்கிவிடும், 'ஜி_ஃப்ரீ' ஆக்காது. மாறியைத் தானியங்கியாக்கிவிட்டுக் கீழே ஒரு 'ஜி_ஃப்ரீ'யை விட்டுவைத்தால் ஒரே மெமரி இருமுறை விடுவிக்கப்படும். லீக்கைச் சரிசெய்யப் போய் டீமனையே சாய்த்த கதையாகிவிடும்.

அதைவிட நுட்பமானது வரிசை. தானியங்கி மாறிகள் ஃபங்ஷனின் கடைசி அடைப்பில்தான், அறிவித்ததற்குத் தலைகீழ் வரிசையில் விடுவிக்கப்படும். பழைய 'கிளீனப்' பகுதியில் முதலில் ஒரு பொருளை விடுவித்து, அப்புறம் இயந்திரத்தின் லாக்கை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் தொடுவதற்கான பூட்டை) விட்டிருப்பார்கள். மாற்றியபின் லாக் முதலில் போய்விடும், பொருள் பிறகு போகும். வெறும் ஸ்ட்ரிங் என்றால் பாதகமில்லை. லாக்குக்குள் மட்டுமே தொட வேண்டிய பொருள் என்றால், வேறொரு த்ரெட் நடுவில் புகுந்துவிடும். டிஃப்பைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. ஃபங்ஷனை முழுசாகத் திறந்து வைத்துப் படிக்க வேண்டும்.

இயந்திரங்களை உண்மையில் ஓட்டும் க்யூஎமுவுக்கான டிரைவருக்குள் கை வைத்தால் இன்னொன்று. க்யூஎமுவின் கட்டளை வாயிலான மானிட்டரோடு பேச உள்ளே போகும்போது லிப்விர்ட் அந்த இயந்திரத்தின் லாக்கை விட்டுவிடும். க்யூஎமு பதில் சொல்லத் தாமதமானால் மற்றவர்கள் முடங்கக் கூடாது என்பதற்காக. அந்த இடைவெளியில் கெஸ்ட் (அந்த மெய்நிகர் இயந்திரம்) செத்தும் போகலாம். ஆகவே வெளியே வந்ததும் 'விர்டொமைன்ஆப்ஜ்இஸ்ஆக்டிவ்' என்று ஒருமுறை கேட்பது வழக்கம். சீரமைக்கும் ஆர்வத்தில், 'இதுதான் மேலேயே பார்த்தாச்சே' என்று அந்த இரண்டாவது கேள்வியை நீக்கிவிடாதீர்கள். மேலே பார்த்தது வேறு நேரம்.

எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உள் ஃபங்ஷன்களின் பெயர், அளவுருக்கள், கோப்பு எல்லாவற்றையும் தாராளமாக மாற்றலாம். வெளியே கொடுத்த ஏபிஐ (பிற நிரல்கள் அழைக்கும் ஃபங்ஷன்கள்) அப்படியல்ல. அது நம் ஊர்ப் பங்காளி வீடு மாதிரி. உங்கள் புள்ளிக்கு (குடும்பத்துக்கு) உரிய அறைக்குள் என்ன வண்ணம் வேண்டுமானாலும் அடியுங்கள், பொதுவான வளவுத் தூணில் கை வைக்கச் சிங்கப்பூரில் இருக்கும் பங்காளியும் சம்மதிக்க வேண்டும். 'லிப்விர்ட்_பப்ளிக்.சிம்ஸ்' கோப்பைத் திறந்து பாருங்கள், எந்த ஃபங்ஷன் எந்தப் பதிப்பில் வந்தது என்று அடுக்கியிருக்கும். சேர்ப்பார்கள், நீக்க மாட்டார்கள். நூலகத்தின் பெயர் இத்தனை வருடமாகியும் 'லிப்விர்ட்.எஸ்ஓ.0' என்றே இருப்பது அதனால்தான்.

தொடரை எப்படிப் பிரிப்பது: முதல் பேட்சில் மாறிகளைத் தானியங்கியாக்குங்கள். அடுத்ததில், வேலையில்லாமல் நிற்கும் 'கிளீனப்' லேபிளை எடுத்துவிட்டு 'கோட்டூ'க்களை நேரடி 'ரிட்டர்ன்' ஆக்குங்கள். திருப்பி அனுப்பும் மதிப்பை வைத்திருந்த 'ரெட்' மாறியும் அதோடு போகும். பிழைச் செய்திகளின் வாசகத்தை மட்டும் மாற்றாதீர்கள். ஒரு கமா மாறினாலும் தமிழ் உட்பட எல்லா மொழிபெயர்ப்பாளர்களும் அந்த வரியை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு பேட்சும் தனித்தனியே கம்பைல் ஆகிச் சோதனையில் தேற வேண்டும். பின்னாளில் ஒருவர், பிழை நுழைந்த கமிட்டைத் தேடி 'கிட் பைசெக்ட்' ஓட்டும்போது நடுவில் உடைந்த கமிட் கிடந்தால் அவருடைய வேலை கெடும். 'கிட் ரீபேஸ்' கட்டளைக்கு '--எக்செக்' கொடுத்தால் ஒவ்வொரு கமிட்டிலும் நின்று கம்பைல் செய்து சோதித்துக்கொண்டே போகும். போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

4 ஜிபி லேப்டாப் தாராளம். சோதனைகளில் பெரும்பகுதிக்கு உண்மையான மெய்நிகர் இயந்திரமே தேவையில்லை. 'க்யூஎமுஎக்ஸ்எம்எல்கான்ஃப்டெஸ்ட்' ஒரு எக்ஸ்எம்எல்லை வாங்கி, அதிலிருந்து வரும் க்யூஎமு கட்டளை வரியை, ஏற்கெனவே சேமித்து வைத்த விடைக் கோப்போடு ஒப்பிடும், அவ்வளவுதான். 'விர்_டெஸ்ட்_ரீஜெனரேட்_அவுட்புட்' என்ற சூழல் மாறியை 1 ஆக்கி ஓட்டினால் விடைக் கோப்புகளைத் தானே புதிதாக எழுதும். புது வசதி சேர்க்கும்போது அது சௌகரியம். சீரமைப்பின்போது நான் அதை வேறு விதமாகப் பயன்படுத்துவேன்: ஓட்டிவிட்டு 'கிட் டிஃப்' பார்ப்பேன். ஒரு கோப்பில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது சீரமைப்பு இல்லை, நடத்தை மாறிவிட்டது. உங்கள் திருத்தத்துக்கு அந்தத் தவறான எக்ஸ்எம்எல்லையே ஒரு சோதனையாகச் சேர்த்து, மெமரிப் பிழையைக் காட்டும் அட்ரஸ் சானிடைசரோடு கட்டி ஓட்டுங்கள். திருத்தத்துக்கு முன் அது கத்த வேண்டும், பின் அடங்க வேண்டும்.

லிப்விர்ட்டின் கட்டளை வரிக் கருவியான விர்ஷின் கட்டளைகளைப் பழகிப் பார்க்க 'டெஸ்ட்:///டிஃபால்ட்' என்ற இணைப்பு இருக்கிறது. 'டெஸ்ட்' என்ற பெயரில் ஒரு பொய் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். அழித்தாலும் குலைத்தாலும் ஒன்றுமில்லை, விர்ஷை மூடினால் எல்லாம் போய்விடும்.

இதைப் பட்டாலையில் உட்கார்ந்து தட்டுகிறேன். இந்த வீட்டுச் சுவருக்குள் சிக்னல் எட்டாது, அனுப்ப வளவு வாசலுக்குப் போக வேண்டும். இன்று பராமரிப்பு மின்தடை வேறு. யுபிஎஸ் கத்த ஆரம்பித்துவிட்டது.

புதுவயல்_பைத்தான்:

ஆச்சி சொன்னதோடு ஒன்று. சி மொழி பயமாக இருந்தால், லிப்விர்ட்டைச் சன்னல் வழியாக இயக்கும் விர்ட்-மேனேஜரில் கை பழக்கலாம். முழுக்கப் பைத்தான், ஜிடிகே. கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் போதும். 'விர்ட்-இன்ஸ்டால்', 'விர்ட்-குளோன்', 'விர்ட்-எக்ஸ்எம்எல்' எல்லாம் அதே களஞ்சியத்தில்தான் இருக்கின்றன. சோதனைகள் பைடெஸ்ட்டில், ஆச்சி சொன்ன அந்தப் பொய் இணைப்பை வைத்தே ஓடும்.

ஆனால் பைத்தானில் சீரமைப்பது சுலபம் என்று நினைக்க வேண்டாம். சி-யில் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றி ஓரிடத்தை விட்டுவிட்டால் கம்பைலர் நிறுத்திவிடும். இங்கே யாரோ ஒருவர் அந்த பட்டனை அழுத்தும்வரை தெரியாது. அதுவும் பிழை வழியில் இருக்கும் வரி என்றால், அந்தப் பிழை வந்தால்தான் அந்த வரியே ஓடும். சோதனை தொடாத இடத்தை நான் சீரமைக்க மாட்டேன். முதலில் சோதனை எழுதுவேன், பிறகுதான் கை வைப்பேன்.

செக்காலை_ரோடு:

பழைய கிளைகள் விஷயம் எனக்குத் தோன்றவில்லை ஆச்சி. எங்கள் தயாரிப்புக்கு வாடிக்கையாளரே ஒருவர்தான், அதனால் அந்தத் தலைவலி கிடையாது. இருந்தாலும் லேபிளை எடுப்பதற்கென்றே தனி பேட்ச் என்பது எனக்கு இன்னும் அதிகமாகத்தான் படுகிறது.

கோட்டையூர்_தம்பி:

ரொம்ப நன்றி ஆச்சி. பிரித்துவிட்டேன். 'கிட் ஆட் -பி' போட்டுத் துண்டு துண்டாக எடுக்க முடிந்தது. திருத்தம் ஒன்று, சீரமைப்பு இரண்டு. விடைக் கோப்புகள் எதுவும் மாறவில்லை. இப்போது சந்தேகம் அனுப்புவதில். கிட்லேபில் மெர்ஜ் ரிக்வெஸ்ட் போடலாமா? ஜிமெயிலில் ஒட்டி அனுப்பினால் ஆகாதா? அப்புறம், இது உள்ளே போய் எங்கள் சர்வருக்கு வரும்வரை டீமனை என்ன செய்வது?

வளவு_ஆச்சி:

லிப்விர்ட்-பைத்தான் போன்ற துணைத் திட்டங்களுக்குத்தான் மெர்ஜ் ரிக்வெஸ்ட். மூல நிரலுக்கு அஞ்சல் பட்டியல். ஜிமெயில் பக்கத்தில் ஒட்டாதீர்கள், அது வரிகளை மடித்துவிடும், பேட்ச் ஏறாது. 'கிட் சென்ட்-ஈமெயில்' பயன்படுத்துங்கள். கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, ஆப் பாஸ்வேர்ட் ஒன்று எடுத்து அமைப்பில் கொடுக்க வேண்டும். '--டிரை-ரன்' போட்டு ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

திருத்தச் சொன்னால் '-வி2' என்று முழுத் தொடரையும் மறுபடி அனுப்புங்கள். முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பதை மூன்று கோடுகளுக்குக் கீழே எழுதினால் அது கமிட் செய்தியில் சேராது. ஒரு வாரம் பத்து நாள் பதிலே இல்லையென்றால் அதே மடலுக்குப் பதிலாக நினைவூட்டுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

செக்காலை ரோடு தம்பி, லேபிளை நீக்கும் பேட்ச் தனியாக இருந்தால் அதை அரை நிமிடத்தில் படித்துவிடலாம். கவனம் முழுவதும் லாக் இருக்கும் பேட்சுக்குப் போகும்.

டீமனைப் பற்றிக் கவலை வேண்டாம். வகுப்பு முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரமும் தனி க்யூஎமு ப்ராசஸ், டீமனை நிறுத்தினால் அவை நிற்காது. டீமன் திரும்ப எழுந்ததும் ஓடிக்கொண்டிருப்பவற்றைத் தேடித் தானே இணைந்துகொள்ளும். யாராவது இன்ஸ்டால் செய்துகொண்டிருந்தால்கூட அது பாட்டுக்கு ஓடும். விர்ட்-மேனேஜர் சன்னல் மட்டும் இணைப்பு அறுந்தது என்று சொல்லும், மறுபடி இணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.