ஜெருசலேமில் யூதர் வீட்டு வேலை: என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேள்வி: மதப்பற்றுள்ள யூதப் பாட்டி ஒருவரைப் பராமரிக்க ஜெருசலேம் போகிறேன். சமையலறையில் எதில் கவனம் வேண்டும்? வெள்ளி மாலைக்குப் பிறகு விளக்குக்கூடப் போட மாட்டார்களாமே?

பதில் 1: தங்கச்சி, எனக்கும் அங்கே இதே வேலைதான். இறைச்சிக்கும் பாலுக்கும் பாத்திரம், கரண்டி, தேய்க்கும் பஞ்சு எல்லாமே தனித்தனி. பல வீடுகளில் பாத்திரம் கழுவும் தொட்டிகூட இரண்டு. இறைச்சி சாப்பிட்டவருக்கு உடனே பால் டீ நீட்டிவிடாதே, ஆறு மணி நேரம் காத்திருப்பவர்கள் நிறைய. உன் சமையலுக்குத் தனிப் பாத்திரம் கேட்டு வாங்கிக்கொள்.

சபாத் என்பது அவர்களின் வாராந்திர ஓய்வு நாள். வெள்ளி சூரியன் மறையுமுன் தொடங்கும். சனி இரவு நட்சத்திரம் தெரிந்தால் முடியும். அதுவரை தீ மூட்டுவதில்லை, சுவிட்ச் தொடுவதில்லை. பீன்ஸ், பார்லி, இறைச்சி போட்ட ஹமீன் முந்தின நாளே மின்தட்டில் ஏறிவிடும். பஸ்ஸும் ஓடாது, மருந்தை வெள்ளி காலையிலேயே வாங்கிவிடு.

பதில் 2: வாசல் நிலையில் சாய்வாக ஒரு சின்னக் கூடு இருக்கும், மெசூசா. உள்ளே யூதர்களின் வேதமான தோராவின் வசனங்கள். சுத்தம் செய்யும்போது கழற்றாதீர்கள்.

கேட்டவர்: நன்றி அக்கா. சபாத் அன்று பாட்டிக்கு மூச்சுத் திணறினால்?

பதில் 1: யோசிக்காமல் ஆம்புலன்ஸ் எண் 101-க்குப் போன் போடு. உயிரைக் காக்க சபாத்தை மீறியே ஆக வேண்டும் என்பது அவர்கள் சட்டம்.