வலது காதில் நிற்காத இயர்போன்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். காதுத் துவாரத்துக்குள் பொருந்தும் இயர்போன் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உங்கள் அனுபவம் எனக்குத் தேவைப்படுகிறது. இப்போது வைத்திருப்பதன் நடுத்தர அளவு சிலிகான் முனை இடது காதில் கச்சிதமாக அமர்ந்துவிடுகிறது. வலது காதிலோ, நான் வாயை அசைத்துப் பேசினாலே மெல்ல நழுவி, அடைப்பு விட்டுப்போய், மிருதங்கத்தின் தொப்பி ஒலி (இடப்பக்கத்தின் தாழ்ந்த ஒலி) அடியோடு காணாமல் போகிறது. ஒலியளவை ஏற்றிச் சமாளிக்க எனக்கு விருப்பமில்லை (காது கெட்டுவிடுமே). பெரிய முனையை மாட்டினால் ஒலி சரியாகிறது, ஆனால் அரை மணி நேரத்தில் வலிக்கத் தொடங்குகிறது. வலது காதுக்கு மட்டும் வேறு அளவைப் போடலாமா, அல்லது விரலால் நசுக்கிச் செருகியதும் உள்ளே விரிந்துகொள்ளும் நுரை முனைக்கு மாறலாமா? நுரை உயர் சுருதி ஒலிகளைச் சற்று மங்கச் செய்யும் என்பதே என் தயக்கம். வயர் காதின் மேல் சுற்றி வரும் வகையைத் தினமும் 2, 3 மணி நேரம் பயன்படுத்துவோர், நழுவல் குறைகிறதா என்று சொன்னால் நன்றியுடையவனாவேன்.